கொலு ரயில் திரும்ப ஓர் இடம்

நாளை கொலு. படிக்குக் கீழே தீப்பெட்டியால் ரயிலும் அட்டையால் நிலையமும் செய்திருந்தேன்.

1960 ஆகியும் நாகர்கோவிலுக்கு ரயில் வரவில்லை. பஸ் நிலையத்தைப் பார்த்து, வண்டி வளைந்து திரும்பப் பெரிய இடம் விட்டதில், குத்துவிளக்குக்கு இடமில்லை.

இன்று நெல்லையப்பரைக் கும்பிட்டபின், திருநெல்வேலி ரயில் நிலையத்தில் ஒரு போர்ட்டரிடம், "ரயில் எங்க வச்சுத் திரும்பும்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எக்கா, பெட்டி எதுக்குத் திரும்பணும்? எஞ்சினை மட்டும் கழத்தி, அந்தா இருக்க சுத்துற வட்ட மேடையில ஏத்தித் திருப்புவாங்க. பொறவு மறுபக்கம் மாட்டிக்கிடும்."

"ஏட்டி, கோயிலுக்கு வந்தியா, எஞ்சின் பாக்க வந்தியா?" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர்.

"ரெண்டுக்கும்தான்."

வீடு வந்ததும் வளைவைப் பிடுங்கிவிட்டு, குங்குமச் சிமிழ் மூடியில் எஞ்சினை ஏற்றினேன். அழகாகத் திரும்புகிறது. விளக்கும் தன் இடத்தில் நிற்கிறது.

நாளை வருகிறவர்கள் எஞ்சினைத் திருப்பிப் பார்க்கலாம். முதலில் அம்மனைக் கும்பிட்டவர்கள் மட்டும்.