கொடுத்த வீட்டுக்கு ஸலாம் சொல்லி

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாமார் கல்லு, சீமெந்து விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மகளுக்கு ஒரு வீடு வேண்டும். புதிதாகக் கட்ட வசதியில்லாதவர்கள் இருக்கிற வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். உம்மா எனக்கு அப்படித்தான் தந்தார். நானும் என் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன்.

மருமகன் அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கிற அமைதியான பிள்ளை. எல்லாம் நான் கேட்ட துஆப்படியே நடந்தது. அதனால்தான் எனக்கு வந்தது என்னவென்று எனக்கே விளங்கவில்லை. பின்வளவு வீட்டில் சோறு வடிக்கும்போது காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. நெஞ்சு படபடத்தது. மகள் வரச்சொல்லிக் கூப்பிட்டால், "முட்டுக்கால் வலிக்கி மகள்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். முன்வாசலால் போனால் நான் விருந்தாளி. பின்வாசலால் போனால் என் கை தானாகவே அவளுடைய சட்டிகளை இடம் மாற்றும். எந்த வாசலும் எனக்குச் சரிவரவில்லை.

பக்கத்து வளவில் இருக்கிற என் மச்சி, என் கணவரின் தங்கை (அவளுக்கு நானும் மச்சிதான்), கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்லித் தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தாள். குடித்தேன், மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. படபடப்பு மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர், இருதயத்தில் ஒரு குறையுமில்லை என்று சொல்லி, மனதுக்கு ஆலோசனை சொல்கிற உளவளத்துணை மிஸ்ஸைக் காணச் சொன்னார்.

"விசரு புடிச்சிட்டெண்டா செல்லுறாரு?" என்றாள் மச்சி.

"வாயப் பொத்திக்கிட்டு வாகா," என்றார் என் கணவர்.

நோயாளியைத் தனியே விட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அந்த அறைக்குள்ளும் மூன்று பேருமாகத்தான் போய் உட்கார்ந்தோம். மிஸ் என் மகளின் வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பிள்ளை.

"எப்பிடி இருக்கீங்க, உம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பாடு எடுபடுதில்ல மிஸ்," என்றார் கணவர்.

"நித்திரையுமில்ல. மச்சிக்கு முந்தியே எளகின மனசு," என்றாள் மச்சி.

மிஸ் சிரித்தார். "வருத்தம் மூணு பேருக்குமா? உம்மாவ மட்டும் விட்டுட்டு வெளிய இருங்களன்."

"வருத்தக்காரியத் தனிய விட்டிட்டுப் போறதா? சனம் என்ன செல்லும்!" என்றாள் மச்சி.

கணவர் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஊரில் என்னை 'றேடியோ' என்பார்கள். கல்யாண வீடோ மௌத்து வீடோ, இடத்துக்கு ஏற்ற சொல் ஒன்று என்னிடம் இருக்கும். அன்றும் அவிழ்த்துவிட்டேன். பெத்த மனம் பித்து என்றேன். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்றேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்றேன். மிஸ் எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இதெல்லாம் ஊர் சொன்னது, உம்மா. வடிவாத்தான் சொல்லியிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

றேடியோ நின்றுபோனது. வெளியே மச்சி யாரோடோ கதைக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எண்ட வீட்ட எனக்குத் தேடுது மிஸ்."

கொடுத்த வீட்டுக்கு ஏங்குகிறேன் என்று சொல்லிவிட்ட உடனே முந்தானையால் வாயைப் பொத்தினேன். கொடுத்ததை நினைத்து அழுகிறவளும் ஒரு தாயா?

"திருப்பி வாங்கப் போறீங்களா?"

"அல்லாஹ்வே, இல்ல!"

"அப்ப என்னத்துக்குப் பயப்படுறீங்க? மகளுக்குக் குடுத்த சந்தோசமும் இருக்கட்டும், விட்டுட்டு வந்த கவலையும் இருக்கட்டும். ரெண்டும் உங்கடதானே."

அந்தக் கதிரையில் இருந்து நன்றாக அழுதேன். நெஞ்சு படபடக்கும்போது பாதம் இரண்டையும் தரையில் பதித்து மூச்சை எப்படி ஆறுதலாக விடுவது என்றும் மிஸ் காட்டித் தந்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன கதை ஊருக்குள் பரவ, தோடம்பழமும் திராட்சையுமாகப் பெண்கள் நோய் பார்க்க வந்துவிட்டார்கள். "என்ன வருத்தம்?" என்று கேட்டவர்களிடம் "மனசில" என்றேன். வந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்த திராட்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் போனேன். அதற்கடுத்த முறை, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் மிஸ், நிப்பாட்டுவமா?" என்று கேட்டேன்.

"இது விருந்துமில்ல, மருந்துமில்ல. கதைதானே உம்மா," என்றார் மிஸ். "சரி, சொல்லுங்க. அந்த வீட்டுல எந்த இடம் தேடுது?"

யோசித்தேன். முன் விறாந்தை இல்லை, அறை இல்லை. குசினி ஜன்னல். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அதனடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் கடற்காற்று முகத்தில் வந்து விழும். வேலிக்கு அப்பால் மச்சி நின்று ஊர்க்கதை முழுவதையும் அளப்பாள். பின்வளவு வீட்டின் ஜன்னலைத் திறந்தால் மதில்தான்.

"இது மகளுக்குத் தெரியுமா?"

"அவள்ற மனசு நோகும் மிஸ்."

"பழமொழி ஒண்டும் போடாம, ஒருக்காச் சொல்லிப் பாருங்க."

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு முன்வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். மகள் கைத்துணியோடு ஓடிவந்தாள்.

"என்னும்மா, உங்கட வீட்டுக்கு வாறத்துக்கு வாசல்ல நிண்டு ஸலாம் செல்லுறீங்க?"

"உண்ட வீடு மகள்." பெத்த மனம் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். "எனக்கு இந்த வீட்டத் தேடுது. உன்னால ஒரு குறையுமில்ல. எண்டாலும் தேடுது."

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"நீங்க வராம விட்டதும் நான் என்ன புழ செஞ்சனெண்டு யோசிச்சி யோசிச்சிக் கிடந்தன். அவரும் 'மாமிக்கு என்னப் புடிக்கல்ல போல'ண்டு செல்லுறாரு. உங்கட மசாலாப் பெட்டியக்கூட இடம் மாத்தல்ல. அது எனக்கு எட்டாதும்மா! ஸ்டூல் வெச்சித்தான் ஏறுறன்."

நான் நெட்டை; அவள் வாப்பாவைப் போலக் கட்டை. நான் ஒதுங்கியிருந்த அத்தனை நாளும் என் பிள்ளை ஒரு கரண்டி மிளகாய்த்தூளுக்கு ஸ்டூலில் ஏறியிறங்கியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். குசினிக்குப் போய் அந்தப் பெட்டியை நானே இறக்கி, அவளுடைய கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் வைத்தேன். அந்தப் பெட்டியை இறக்கியபோதுதான் வீட்டைக் கொடுத்து முடித்தேன் போலிருந்தது.

மகள் ஜன்னலடியில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தாள். சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. குறை சொல்லாமல் குடித்தேன். இப்போது அஸர் முடிந்தால் என் இடம் அதுதான். ஸலாம் சொல்லி முன்வாசலால் போகிறேன். கண்ணீர் இன்னும் எப்போதாவது வரும். பாதத்தைப் பதித்து மூச்சு விட்டால், வந்த வழியே போய்விடும்.

போன கிழமை வேலிக்கு அப்பால் நின்ற மச்சி, ஊர்க்கதை முடிந்த பிறகும் போகாமல் வேலிக்கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த மிஸ் என்ன நாளையில இருப்பாங்க மச்சி?"

"ஏன்கா?"

"எனக்கும் ஒரே முட்டுக்கால் வலியா இரிக்கி."

நான் சிரிக்கவில்லை. "வா, கூட்டிக்கிட்டுப் போறன்," என்றேன். "ஆனா நான் வெளியதான் இருப்பன்."