சுவரில் மாட்டாத ரயில்

அண்ணி வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கூடத்தில் இருக்கும் அந்தக் கனத்த பலாப்பலகையைப் பார்க்காமல் தாண்டிப் போவதில்லை. இரண்டு முழ நீளம். புகைபோக்கி நிமிர்ந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்று அதில் ஒரு விரல் கனத்துக்குப் புடைத்து நிற்கும். சக்கரங்களைக் கோக்கும் தண்டு, அதன் திருகாணி வரைக்கும் தெரியும். தொட்டுப் பார்ப்பார்கள், வியப்பார்கள், பிறகு தவறாமல் கேட்பார்கள்: இதைச் சுவரில் மாட்டாமல் ஏன் சும்மா சாய்த்து வைத்திருக்கிறீர்கள்? அண்ணி சிரித்துவிட்டுக் காபி போடப் போய்விடுவார். பதில் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்கு மலைமேல் ஜமுனாமரத்தூரில் வனக்காவலர் வேலை. எனக்கும் அங்கேயே பால்வாடியில் வேலை கிடைத்ததால் அவர்களோடுதான் இருந்தேன். அண்ணி ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், எஞ்சின் டிரைவரின் ஒரே மகள். மலைக்கு வந்த புதிதில், ரயில் சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை என்றார். ஒரு நாள் சந்தையில் உளி வாங்கிவந்து உடைந்த கட்டில் பலகையில் எஞ்சின் செதுக்க உட்கார்ந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. டீசல் எஞ்சினை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அதுக்கு மூஞ்சி எங்க இருக்கு? பழைய எஞ்சின்னா அது மூச்சு வாங்குறது வெளிய தெரியும்" என்பார். சாதம் குழையும், குழம்பு அடிப்பிடிக்கும், அண்ணி சக்கரத்தின் ஆரக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். "ரயில் மலையேறாதுன்னு யார் சொன்னது, நம்ம வூட்டுக்கு மாசம் ஒண்ணு வருது" என்று அண்ணன் கிண்டல் செய்வார். மலைக்குள்ளேயே இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து புளி கொண்டுவரும் அம்மாள் ரயிலைப் பார்த்ததே இல்லை. பெட்டிகளோடு செதுக்கிய ஒன்றை உற்றுப் பார்த்து, "வூட்டுக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா சக்கரம் வெச்சிருக்கே?" என்று கேட்டார். காற்றில் விழுந்த தன் பலா மரத்தை அறுத்து இந்தப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

அந்தச் சமயத்தில், ஓய்வு பெற்றிருந்த அண்ணியின் அப்பாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. மனைவியும் இல்லாததால் அண்ணி அவரை மலைக்கு அழைத்துவந்தார். கீழே போகும் பஸ் வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான். வந்த நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சு. "சனிக்கெழம பஸ்ல நான் எறங்கிடறேன். ஸ்டேஷன் பக்கம் கெடந்தா வண்டி போறதாவது காதுல விழும்." கீழே அவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்கக்கூட ஆளில்லை. எங்காவது தண்டவாளத்தில் போய் விழுந்துவிடுவாரோ என்று அண்ணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையால் தடவினால் தெரியுமே என்று, அப்பா கடைசியாக ஓட்டிய எஞ்சினை இந்தப் பலகையில் செதுக்க ஆரம்பித்தார். அது முடியும்வரை சனிக்கிழமைகளுக்குச் சாக்கு சொல்லியே காலம் தள்ளினோம். பஸ் பழுதாகிவிட்டது என்று அண்ணன்கூட ஒரு தடவை புளுகினார்.

முடிந்ததும் அவர் மடியில் வைத்தார் அண்ணி. புகைபோக்கியிலிருந்து கடைசிச் சக்கரம் வரைக்கும் அவர் பொறுமையாகத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இது பிளாட்பாரத்துல நிக்கிறவங்க பாக்குற வண்டி. நான் எங்க இத இப்பிடிப் பாத்தேன்? நான் உள்ளதானே இருந்தேன்."

பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணி சமையலறையில் வந்து அழுதார். "எஞ்சின்ல ஒரே ஒரு தடவ ஏத்திக்கோ நைனான்னு சின்ன வயசுல எவ்ளோ கெஞ்சியிருப்பேன். ரூல் கெடையாதுன்னுட்டாரு. பிளாட்பாரத்துலயே நின்னவளுக்கு உள்ள இருக்கிறது எப்பிடித் தெரியும்?" எனக்கு அந்தக் கிழவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை அண்ணி பலகையைக் குப்புறப் போட்டார். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அப்பாவின் கையை எடுத்து வைத்தார். "நைனா, உள்ள நின்னா மொதல்ல இன்னா இருக்கும்?"

அவர் விரல்கள் வெறும் பலகையில் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றன. பிறகு, "அடுப்புக் கதவு. நடுவுல" என்றார்.

அதன்பின் தினமும் அவர் நாற்காலி அண்ணி பக்கத்தில்தான். வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கைப்பிடி இன்னும் மேலே, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இன்னும் தள்ளி என்று விரலால் இடம் காட்டுவார். விசில் கம்பியைக் கரி போடுகிறவர் பக்கம் செதுக்கிவிட்டதற்கு ஒரு சனிக்கிழமை அப்படித் திட்டினார். "இன்னாம்மா நீ, டிரைவரு பொண்ணுதானா?" வந்ததிலிருந்து குரல் உயர்த்தாத மனிதர் திட்டுவதைக் கேட்க எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. அவர் கவனிக்கவே இல்லை.

வேலை முடிந்த அன்று எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒரு கை ரெகுலேட்டரில் போய் நின்றது, இன்னொரு கை விசில் கம்பியில். முதுகு நிமிர்ந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. ஏறிக்கோ பாப்பா. ஓரமா நில்லு, நெருப்பு தெறிக்கும்."

அண்ணி எழுந்து அவர் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவர் மலையிலேயே இருந்து, மகள் கையால் சாப்பிட்டு, அங்கேயே கண்ணை மூடினார். சனிக்கிழமை பஸ் பேச்சை எடுக்கவே இல்லை. இப்போது அண்ணனும் அண்ணியும் கீழே டவுனில் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே ரயில் சத்தம் கேட்கிறது. விருந்தாளிகள் போனபின் அண்ணி சில நாள் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்வார். பின்பக்கத்தில் ரெகுலேட்டர் கைப்பிடி மட்டும் அப்பாவின் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ஆணி அடித்துச் சுவரில் மாட்டிவிட்டால், அண்ணி மறுபடியும் பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும்.