தனகோட்டி வைத்த கோணல் சுவர்

தனகோட்டி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு சாம்பார் அண்டாவால்தான். என் நாத்தனார் மகன் வேணுவுக்கு நிச்சயம் பண்ணச் சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தோம். கொல்லையில் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கத் தெரியாமல் இரண்டு ஆம்பிளைகள் திணறினார்கள். "நவுந்துக்கங்கய்யா, தனகோட்டியக் கூப்புடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஒல்லியாக ஒருத்தி வந்தாள். அண்டாவைத் தூக்கவில்லை. விறகுக்கட்டையை அடியில் கொடுத்துச் சாய்த்து, ஈரச் சாக்கின் மேல் இழுத்து இறக்கிவிட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பெண்ணுக்கு மூத்தவள் இவள்தான் என்று அப்புறம் சொன்னார்கள். அன்று முதல் நான் அவளுக்கு அத்தை.

இப்போது நான் மகனோடு நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். தனகோட்டியும் இங்கேதான் ஒரு காண்ட்ராக்டரிடம் சித்தாள். வாய்க்கால் தூர் வார, மதில் கட்ட, மண் சுமக்க என்று பிளாக் பிளாக்காகப் போவாள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. டீயைப் பேப்பர் கப்பில் குடிக்க மாட்டாள். "சூடு ஆறிப்பூடும் அத்த" என்று இடுப்புப் பையில் ஒரு பித்தளை டம்ளர் வைத்திருப்பாள்.

எங்கள் ஊரில் கூலி என்றால் களத்தில் அளந்து போடும் நெல். இங்கே ஆளையே அப்படிச் சொல்கிறார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அகிலா, "என்னங்க, கூலி வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தனகோட்டி விடவில்லை. "கூலி சாயந்திரந்தாம்மா வரும். இப்ப வந்துக்கினு இருக்கறது தனகோட்டி." அகிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கேட் பாஸில் 'அன்ஸ்கில்டு' என்று போட்டிருந்ததற்குத்தான் அவளுக்கு ரொம்ப நாள் கோபம். சூப்பர்வைசர் ஜெயகணேஷிடம் அர்த்தம் கேட்டிருக்கிறாள். "வேலை தெரியாத ஆளுன்னு அர்த்தம்க்கா" என்றானாம். "வேல தெரியாதவளத்தான் காலையில ஆறு மணிக்கே போன் போட்டுத் தேடுறியா நீ?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஜோடி பொற்கொடி. மண் சுமக்கிற வேலையில் ஜோடி இல்லாமல் முடியாது. மண் நிறைந்த பாண்டை, அந்த இரும்புச் சட்டியை, ஒருத்தியே தலைக்கு ஏற்ற முடியுமா? இவள் அவளுக்குத் தூக்கிவிட வேண்டும், அவள் இவளுக்கு. போன வருஷம் விழுந்ததில் பொற்கொடிக்கு வலது தோள் போய்விட்டது. தலை சுமக்கும், கை தூக்காது. தனகோட்டி தன் பாண்டை முட்டியில் வைத்து, திண்டில் சாய்த்து, எப்படியோ தானே ஏற்றிக்கொள்வாள். அப்புறம் பொற்கொடிக்கும் தூக்கிவிடுவாள். வேறு யாரும் பொற்கொடியை ஜோடியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஜோடி இல்லையென்றால் நாளைக்கு வராதே என்றுதான் சொல்வார்கள்.

போன மாசம் எங்கள் குவார்ட்டர்ஸ் மதில் இடிந்து வேலை நடந்தது. தனகோட்டி கலவை பூசும் கரணையைப் பிடிப்பதைக் கொத்தனார் மருதாசலம் பார்த்திருக்கிறார். அவர் சொல்லித்தான் ஜெயகணேஷ், "அக்கா, செங்கல் வச்சுக் காட்டுங்க. சரியா இருந்தா செமி ஸ்கில்டுன்னு பாஸ் மாத்தித் தரேன். இனிமே சுமக்க வேணாம்" என்றான்.

நான் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவள் கலவையை அள்ளினாள், மூன்று வரிசை வைத்தாள். சுவர் நிறைமாசக்காரி வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நின்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த ஜெயகணேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கு வேல தெரியாதுங்க தம்பி. பாஸ்ல நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே" என்றாள், சாதுவாக.

அவன் போன பிறகு மருதாசலம் சுவரைச் சுற்றி வந்தார். "முப்பது வருசமா கட்டறேன். இவ்ளோ கோணலா வச்சும் விழாம நிக்குதே, இது யாருக்கு வரும்?" என்றார். தனகோட்டி காதில் வாங்காதவளாக டம்ளரைக் கழுவினாள்.

பொற்கொடிக்குத்தான் தாளவில்லை. "ஏண்டி, உன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நான் கேட்டனா உன்ன?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இடிந்த கல்லையும் மண்ணையும் வாரும்போது தனகோட்டி பாண்டை நிரப்பித் தூக்கி நிமிர்ந்தாள். பொற்கொடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கிட்டே வந்து, சும்மாட்டைச் சரிசெய்து, தலையை நீட்டினாள்.

கோணல் சுவரை மருதாசலம் பிரித்துக் கட்டினார். தனகோட்டி இப்போது பதினெட்டாம் பிளாக்கில், வாய்க்கால் தூர் வாரும் வேலையில் இருக்கிறாள்.