பாக்கியமக்காவின்ர வள்ளத்துக்குப் பின்பலகை வைச்ச கதை

பைபர் வேலைக்காரனை ஊரில கண்டுபிடிக்கிறது சுகம்: மரியாதையான ஆக்களோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்கயும் முதுகைச் சொறியிறவன் எவனோ, அவன்தான். முல்லைத்தீவுக் கரையில பழைய மீன்பிடி வள்ளங்களை வெட்டி ஒட்டிச் சீவிக்கிறவன் நான். இதே தொழிலும் இதே சொறியுமா இருக்கிற என்ர சகோதரங்களே, போன வருசம் ஒரு வள்ளத்தோட நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

சின்ன வெடிப்பு

வள்ளம் திருத்தக் கூப்பிடுறவை எல்லாரும் "சின்ன வெடிப்புத்தான்" எண்டுதான் கூப்பிடுவினம். பாக்கியமக்காவும் அப்பிடித்தான் கூப்பிட்டா. அவான்ர மனிசன் செல்வண்ணை அதிகம் கதைக்க மாட்டார். பக்கத்தில நிண்டு ஓம் எண்டு தலையை ஆட்டினார். எஞ்சின் பூட்டுற பின்பலகையை நான் சுத்தியல் பிடியால தட்டிப் பார்த்தன். நல்ல பலகை 'டக்' எண்டும். இது 'தொப்' எண்டுது. கிறைண்டரால பைபர் தோலை வெட்டித் திறந்தால், உள்ளுக்கிருந்த பலகை தேயிலைச் சக்கை மாதிரிக் கையோட வந்துது. அப்பிடியே கடலுக்குப் போயிருந்தால் எஞ்சினும் அடியில, அதைப் பிடிச்சுக்கொண்டிருந்த அண்ணையும் அடியில.

வள்ளம் கரையில ஏறின நாளில இருந்து அண்ணை மற்ற ஆக்களின்ர வள்ளத்தில கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். இருபத்தைஞ்சு வருசமாச் சொந்த வள்ளம் ஓட்டின மனிசன், இப்ப ஆரோ காட்டுற மூலையில குந்தவேணும். அதை அக்காவால தாங்கேலாமல் இருந்துது. வாடைக்காத்து அடங்கின கையோட தங்கட வள்ளம் இறங்கவேணும் எண்டு ஒரே பிடியா நிண்டா. நான் பின்பக்கம் முழுக்க வெட்டி எடுத்திட்டு நிமிர, அக்கா இடுப்பில கையை வைச்சுக்கொண்டு கேட்டா: "சின்ன வெடிப்பெண்டுதானே தம்பி கூப்பிட்டனான், நீங்கள் என்ன வள்ளத்தைப் பாதியாக்கி வைச்சிருக்கிறியள்?"

பஸ்ஸில ஒரு தனி ஆசனம்

பழைய பைபரை வெட்டினால் அந்தத் தூள் எங்கெங்க போகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரெண்டு தரம் முழுகினாலும் போகாது. அண்டைக்கும் அப்பிடித்தான், வெட்டி முடிச்ச கையோட புதுக்குடியிருப்புக்குப் போய் எபொக்சி எண்ட ஒட்டுப் பசை ரின் ரெண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினன். கழுத்தெல்லாம் சிவந்து தடிச்சிருக்கு. ரெண்டு கையிலயும் ரின், சொறியவும் வழியில்லை. முதுகை ஆசனத்தில தேய்ச்சுத் தேய்ச்சு வாறன். பக்கத்தில இருந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமா விலகி, கடைசியில எழும்பியே நிண்டிட்டா. நிண்டுகொண்டு பஸ் முழுக்கக் கேக்கச் சொன்னா: "அம்மாள் வருத்தம் வந்தால் வேப்பிலையை வைச்சுக்கொண்டு வீட்டில படுக்கிறதுதானே தம்பி."

கோழி

இனி என்ர மடத்தனம். நாங்கள் பைபர் ஒட்ட வழமையாப் பாவிக்கிற ரெசினுக்கு, காய வைக்கிற மருந்தை நாலு சொட்டுக் கூட விட்டால் கெதியாக் காயும். கை அதுக்குப் பழகிப்போச்சு. ஆனால் பழைய பைபரோட புதுப் பலகை நல்லாப் பிடிக்கவேணும் எண்டு இந்த முறை எபொக்சி பாவிச்சனான். எபொக்சிக்கு ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹாட்னர், அதுதான் இறுக வைக்கிற மருந்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ரின்னில எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சும் பார்த்தனான். ஆனால் கடல் அடங்கத் துடங்கியிட்டுது எண்டு அக்கா காலமை, மத்தியானம், பின்னேரம் மூண்டு நேரமும் வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது? கெதியாக் காயட்டும் எண்டு ஹாட்னரைத் தாராளமா ஊத்திக் கலக்கிப் பூசியிட்டன்.

அடுத்தநாள் விடியப் போனால் பின்பலகை முழுக்கத் தொதல் மாதிரி நிக்குது. விரலை வைச்சால் விரல் வராது. "வெயில் காணாது அக்கா, நாளைக்கு இறுகியிடும்" எண்டு கூசாமல் ஒரு புழுகு விட்டன். அவா என்னைப் பாக்கேல்லை. எனக்குப் பின்னால பாத்துக்கொண்டு நிண்டா. திரும்பினால், அவான்ர சிவப்புக் கோழி பின்பலகையில ஏறி நிண்டு, ஒரு காலைத் தூக்கேலாமல் சிறகடிக்குது. அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னா: "பலகை நாளைக்கு இறுகட்டும் தம்பி, இப்ப என்ர முட்டைக்கோழியைக் கழட்டித் தாங்கோ."

அளவு

கோழியைக் கழட்டினன், ரெண்டு இறகு போச்சு. அதுக்குப் பிறகு உண்மையைச் சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு. நான்தான் பிழையாக் கலந்தனான், முழுக்கச் சுரண்டி எடுக்கவேணும் எண்டு சொன்னன். சரியான வெக்கமாக் கிடந்தது. ஏசுவா எண்டு பாத்தால், அவா கரையோட இருக்கிற தங்கட வீட்டுக் குசினிக்குள்ள போய் ஒரே அளவான மூண்டு தம்ளரோட வந்தா. மூண்டு நாள் சுரண்டினன். நாலாம் நாள், ஊத்துற வேலையை என்னட்டை விடாமல் தானே ஒரு கதிரையைப் போட்டுக் குந்தி, ரெண்டு தம்ளருக்கு ஒரு தம்ளர் எண்டு கண் மட்டத்துக்குப் பிடிச்சுப் பாத்து ஊத்தினா. நான் கலக்க மட்டும்தான். இதையெல்லாம் பாத்துக்கொண்டு நிண்ட செல்வண்ணை அந்தக் கிழமையிலயே முதல்முறையா வாயைத் திறந்தார்: "என்ர தேத்தண்ணிக்கு இவ ஒருநாளும் இப்பிடிச் சீனி அளந்து போட்டதில்லை."

இறக்கம்

பலகை கல்லு மாதிரி இறுகிச்சு. தட்டினன், 'டக்' எண்டுது. எஞ்சின் பூட்டி, நாள் பாத்து, தேங்காயும் உடைச்சாச்சு. நான் மெல்லமாச் சாமானைக் கட்டத் துடங்கினன், ஏனெண்டால் எங்கட கரையில ஒரு பொல்லாத வழக்கம் இருக்கு: திருத்தின வள்ளம் முதல் முறை ஓடேக்க, திருத்தினவன் எஞ்சினுக்குப் பக்கத்தில இருக்கவேணும். நானோ உருத்திரபுரத்து வயல்காரன். வாய்க்காலில முழங்காலுக்கு மேல இறங்கினதில்லை, நீந்தவும் தெரியாது. இவ்வளவு காலமும் காய்ச்சல், செத்தவீடு எண்டு சொல்லித் தப்பினனான். இல்லாத பெரியப்பாவை ரெண்டுதரம் சாகடிச்சும் இருக்கிறன். அக்காவிட்டையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பெரியப்பா மோசம் போயிட்டார்" எண்டன். "அப்பிடியே? இருந்து பாத்திட்டுப் போங்கோ, அவர் இனி அவசரப்படார்" எண்டு சொல்லி என்ர செருப்பு ரெண்டையும் தூக்கி வைச்சுக்கொண்டா.

ஏறினன். அண்ணை எஞ்சினை முழு வேகத்தில விட்டார். வள்ளம் எகிறி எகிறி விழ, நான் பின்பலகையை ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, காலமைச் சாப்பாட்டையும் முதல்நாள் ராச்சாப்பாட்டையும் கடலுக்குக் குடுத்தன். பலகை ஒரு நூல்கூட அசையேல்லை. அண்ணை சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டனான். கரைக்கு வந்ததும் அக்கா ஓடிவந்து பலகையைத் தடவினா, கண் கலங்கிப் போச்சு. எனக்கும் நெஞ்சு நிறைஞ்சுது, வயிறுதான் வெறும் வயிறு. மணலில குந்தியிருந்த எனக்குப் பக்கத்தில செருப்பை வைச்சிட்டு அவா சொன்னா: "இனி இவர் ஒருத்தரின்ர வள்ளத்திலயும் கூலிக்கு ஏறத் தேவையில்லை, நீங்களும் ஏறத் தேவையில்லை தம்பி, வீட்டை போய்ப் படுங்கோ."

மற்றத் தொழில்காரர் உத்தரவாதத்தைக் கடதாசியில எழுதிக் குடுப்பினம், எங்கட தொழிலில ஆளையே ஏத்திக்கொண்டு போயிடுவினம்.