கொக்கி ஏறாத முதுகு

வெள்ளியங்கிரியின் முதுகில் கத்தி இறங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் ஆபரேஷனுக்குக் கூட இருந்து கையெழுத்துப் போட்ட சிநேகிதன் நான்தான். தோலுக்கும் சதைக்கும் நடுவில், கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரைக்கும், அப்பளத்தைவிட மெல்லிய ஒரு கவசத் தகட்டை வைத்துத் தைத்தார்கள். தோல் அதன்மேல் ஒட்டி வளர்ந்துவிடுமாம். வெளியிலிருந்து பார்த்தால் விலாவோரத்தில் புதிதாக இரண்டு தழும்பு, அவ்வளவுதான். போலீஸ்காரர்களுக்கென்று கண்டுபிடித்ததைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காமல் லாரி டிரைவர்களைத் தேடி வந்திருந்தார்கள்.

"சரிதாவுக்குத் தெரிய வேண்டாம், கந்தா. முதுகுவலிக்கு ஊசி போட்டதுன்னு சொல்லிக்கலாம்" என்றான். நானும் தலையாட்டினேன். நாமக்கல் ரோட்டில் டயர் ரீட்ரேடிங் கடை வைத்திருக்கிறேன். பழைய உடம்புக்குப் புதுத் தோல் ஒட்டுவது எனக்கு ஒன்றும் அதிசயமில்லை.

பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது என்றதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் நாக்பூர் பக்கம் அவன் லாரியில் டீசல் திருட வந்த மூன்று பேர் அவனைக் குத்திப் போட்டுவிட்டார்கள். பத்து நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தவன், ஜாக்கி லீவரை எடுத்து மூன்று பேரையும் விரட்டியதாக ஊரில் சொன்னான். லாரிக்காரர்கள் சங்கத்தில் 'மூவரை விரட்டிய மாவீரர்' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால்தான் என்னிடம் உண்மையைச் சொன்னான். "நான் அடிக்கவேயில்ல கந்தா. ஓடுனேன். ஓடறப்பத்தான் குத்துனான்."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. மூன்று பேர் கத்தியோடு வந்தால் நானும் ஓடத்தான் செய்வேன், அவனைவிட வேகமாக. ஆனால் ஃபிளெக்ஸ் வைத்த பிறகு ஒருவன் ஓடியிருக்க முடியாதல்லவா? மாவீரனுக்குக் கவசம் எதற்கு என்று ஊர் கேட்குமல்லவா? அதனால்தான் அந்த ரகசியம்.

அந்த வீட்டில் இன்னொரு ரகசியமும் இருந்தது. பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டி, அவன் கையில் காப்புக் கட்டியதும் சரிதா அந்த ரகசியத்தை வெளியில் எடுத்தாள்.

"உங்களுக்கு நெனப்பில்லாதப்ப வேண்டிக்கிட்டேனுங்க. உசுரோட திரும்புனா, குத்துப்பட்ட அதே முதுகுல கொக்கி போட்டு நம்ம லாரியை இழுப்பீங்கன்னு. பூச்சாட்டற வரைக்கும் வெளிய சொல்லப்படாதுன்னு இருந்தேன். செய்யாம உட்டா, குடுத்த உசுரை ஆத்தா திருப்பிக் கேப்பாளுங்க."

வெள்ளியங்கிரி நேரே என் கடைக்கு வந்து ஒரு டயர்மேல் உட்கார்ந்தான். தகடு வைத்த டாக்டர் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தார். சர்க்கரை உண்டா, ஒவ்வாமை உண்டா, நீச்சலடிப்பீர்களா என்றெல்லாம் கேட்டவர், அலகு குத்துவீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. என் எதிரிலேயே அவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். தகட்டை எடுக்க முடியுமா என்றதற்கு ஆறு மாதம் ஆகும் என்றார்.

"அதுக்குள்ள முதுகுல கொக்கி குத்துவாங்களே டாக்டர். பன்னெண்டு கொக்கி."

"யார் அவங்க? போலீஸில் சொன்னீங்களா?"

"இல்லீங்க, நானேதானுங்க போய் முதுகைக் காட்டோணும்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ரொம்ப சந்தோஷமாகத் தைரியம் சொன்னார். கவலையே படாதீர்கள், ஒரு கொக்கிகூட இறங்காது என்றார்.

நான் சொன்ன யோசனைகளையெல்லாம் இங்கே எழுதினால் எனக்குத்தான் மானக்கேடு. கடைசியில், பேசாமல் சரிதாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். "தகடு எதுக்குன்னு கேப்பா. பயத்துலன்னு சொல்லோணும். பயம் ஏன்னு கேப்பா" என்று இழுத்தான். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை.

அலகு குத்தும் நாளில் லாரியைக் கழுவி, வேப்பிலை கட்டி, கோயில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வெள்ளியங்கிரி மஞ்சள் வேட்டியோடு நின்றான். முப்பது வருஷமாக எங்கள் ஊரில் அலகு குத்துகிற சின்னுசாமி, முதுகில் திருநீற்றைப் பூசி, தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தோல் வரவில்லை. தட்டிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், பிறகு அழுத்திக் குத்தினார். கொக்கி முனை வழுக்கி ஒரு கோடு கிழித்ததோடு சரி. இரண்டாவது கொக்கி வளைந்தே போனது. மூன்றாவதும் வளைந்தபோது பம்பை மேளம் அடித்தவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

"சாமி, ஆத்தா ஏத்துக்க மாட்டீங்கறா. மனசுல ஏதாச்சும் இருந்தா இங்கயே சொல்லிப்போடு" என்றார் சின்னுசாமி.

ஊருக்கு அதுவே போதும். லாரி டிரைவர் மனசில் என்ன இருக்கும் என்று கேட்டால், நாமக்கல்லில் பல் முளைக்காத பிள்ளைகூடப் பதில் சொல்லும். நாக்பூரில் ஒரு ஊடு இருக்குதாமா என்று ஒருவர் ஆரம்பித்தார். கூட்டத்தின் கடைசிக்குப் போவதற்குள் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பிறந்திருந்தன.

சரிதா அவன் எதிரில் வந்து நின்றாள். "நாக்பூர்ல ஆராச்சும் இருக்காங்களாங்க?"

ஒரே வார்த்தை போதும், இல்லை என்று. ஆனால் அதைச் சொன்னால் பின் ஏன் கொக்கி ஏறவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தான். கோழை என்று பேர் வாங்குவதைவிட இது தேவலை என்று அந்த மடையன் முடிவு செய்துவிட்டான். சரிதா அடுத்து என்னைப் பார்த்தாள். நான் லாரியின் டயரைப் பார்த்தேன்.

கொக்கி ஏறாத உடம்பில் அந்த வருஷம் வேறெங்கும் குத்தக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். வீட்டில் வேறு யாராவது அலகு குத்தினால் வேண்டுதல் செல்லும் என்றார் சின்னுசாமி.

"அப்ப எனக்குக் குத்துங்க" என்றாள் சரிதா.

சின்னுசாமி தயங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினாள். மூன்றடி வேல், ஒரு கன்னத்தில் ஏறி மறு கன்னத்தில் வந்தது. வலித்திருக்கும், அவள் கைவிரல்கள் மடங்கின. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

லாரியைக் கயிறு கட்டி நாங்கள் இழுத்தோம். அவள் வேலோடு முன்னால் நடந்தாள். கோயிலைப் பாதி சுற்றியிருப்போம், வெள்ளியங்கிரி கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். ஓடினதை, தகடு வைத்ததை, நான் கையெழுத்துப் போட்டதை, எல்லாவற்றையும் அழுதபடியே சொன்னான். முன்கயிற்றில் இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வாயில் வேல் இருந்ததால் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை.

சுற்று முடிந்ததும் சின்னுசாமி வேலை உருவி, இரண்டு கன்னத்திலும் திருநீற்றை வைத்து அழுத்தினார். சரிதா வாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க ஓடுனது எனக்குத் தெரியுமுங்க. மூணு மாசம் அந்தப் புண்ணுக்கு மருந்து வெச்சவ நானு. எதுத்து நின்னவங்களுக்கு முதுகுல எப்புடிங்க குத்து உழும்? நீங்க ஓடுனதாலதான் பொழச்சீங்க. அதுக்குத்தானுங்க ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலே?" என்றான் அவன்.

"ஃபிளெக்ஸ்ல சந்தோசமாச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. கெடுப்பானேன்னு உட்டுட்டேன். கத்திக்குப் பயந்து தகடு வெச்சதும் செரிதானுங்க. ஊரே என்னைப் பாத்துக்கிட்டு நிக்கறப்ப, நாக்பூர்ல ஆருமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலையேங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கூடப் போனது நீங்கதானுங்கண்ணா. நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமல்லங்க?"

பேசியதில் திருநீறு உதிர்ந்து, அவள் கன்னத்தில் ரத்தம் கசியத் தொடங்கியது. முந்தானையை மடித்து அழுத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும், அவன் முதுகில் ஒரு கீறல் தவிர ஒன்றுமில்லாமல், பின்னால் போனோம்.