மூன்று முக்கோணம்

ஒரே இடத்தில் கால் தரிக்காத ஆள் நான். ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆவாரம்பட்டை ஊறுகிற வாடையைப் பிடித்துக்கொண்டு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வந்துவிட்டேன்.

அங்கே தோலைச் சீவுகிற ஜெர்மனி மிஷின் ஒன்று. அதைப் பூட்ட வந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. மிஷின் படத்தை விரித்தார். கோடுகளின்மேல் குட்டிக்குட்டி முக்கோணங்கள். ஒவ்வொன்றையும் காட்டி இரும்பைத் தடவினார், கண்ணைத் தொட்டார், தலையாட்டினார். மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டது. ஒரு முக்கோணம் என்றால் உளி போன தடம் விரலில் தட்டலாம். இரண்டு என்றால் விரலில் தட்டக் கூடாது, கண்ணுக்குத் தெரியலாம். மூன்று என்றால் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அன்றிலிருந்து சாப்பிடுகிற வட்டிலைக்கூடத் தடவி, இதற்கு எத்தனை என்று பார்ப்பேன்.

சில வருஷம் ஓடியது. தோலை உள்ளே இழுத்துக் கொடுக்கிற ரோலர் வழுக்க ஆரம்பித்தது. புதுசு கப்பலில் வர மாசக்கணக்காகும். மிஷின் மேஸ்திரி பாய் முதலாளியிடம் போய், "இங்கியே செஞ்சுடலாம், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். ரோலர் சரியாக வராவிட்டால் அப்புறம் அந்த ஷாப்பில் அவர் பேச்சு எடுபடாது. நேரே என் லேத்துக்கு வந்து, அங்கே விரித்திருந்த படத்தில் ரோலர்மேல் விரலை வைத்தார்.

"இன்னா தோஸ்த் இது? ரெண்டு முனைக்கும் மூணு மூணு, நடுவுல ஒண்ணே ஒண்ணா?"

"ஆமா பாய். முனை வழவழன்னு இருக்கணும், நடு சொரசொரன்னு."

"படத்தைத் தலைகீழா புரிஞ்சுக்கினே. முனை பேரிங்குக்குள்ள ஒளிஞ்சுக்கும், எவன் பாக்கப் போறான்? தோல் படறது நடுவுல. அங்க மினுக்கு!"

தோல்காரர் நியாயம் அது. தோலின் மேல்பக்கத்தைக் கண்ணாடியாக மினுக்குவார்கள், உள்பக்கத்தை அப்படியே விடுவார்கள். வெளியே தெரிகிறதுக்குத்தான் பளபளப்பு.

"முனைதான் பாய் உள்ள சுத்துது. சொரசொரன்னு வுட்டா பேரிங்கைத் தின்னுடும்."

"நடுவுல வுட்டா தோலைத் தின்னுடும். முதலாளி என் தோலை உரிப்பாரு!"

சாட்சிக்குப் பழைய ரோலரையே தூக்கி வந்து என் முன்னால் போட்டார். "பாரு, ஜெர்மனிக்காரன் எப்படி மினுக்கி வெச்சிருக்கான்!" கண்ணை மூடி, தோல் பார்க்கிற மாதிரியே தடவிக்கொண்டு போனார். நடுவில் கை சர்ரென்று வழுக்கியது. அதே நடு உடம்பின் ஓரத்தில், முனைக்குச் சற்று முன்னால் தோலே படாத இடத்தில், விரல் தட்டித் தட்டி நின்றது. கண்ணைத் திறந்தார். திரும்ப நடுவைத் தடவினார், திரும்ப ஓரத்தை.

"அரே! இது அவன் மினுக்கினது இல்ல. தோல் உரசி உரசி மினுக்கினது."

"அதான் வழுக்குது."

"மினுக்குதான் வியாதியா!"

முனைகளுக்கு எமரித்தாளும் எண்ணெயும் கொடுத்து, தடம் மறைகிறவரை தேய்த்தேன். நடு உடம்பில் உளி ஒரே ஓட்டம். இன்னும் ஒரு இழுப்பு இழுக்கலாமே என்று கை துறுதுறுத்தது. படம் வேண்டாம் என்றது, விட்டுவிட்டேன்.

ரோலரைப் பூட்டின அன்றைக்கு முதலாளி வந்து நின்றார். பாய் முதல் தோலை நீட்டினார். ரோலர் வெடுக்கென்று கவ்வி இழுத்துக்கொண்டது.

முதலாளி குனிந்து பார்த்தார். "இன்னா மேஸ்திரி, நடுவுல பாலீஷே போடல?"

"படத்துல ஒரே முக்கோணம் முதலாளி," என்றார் பாய், என் பக்கம் திரும்பாமலே. "அதுக்கு மேல போட்டா ஜாஸ்தி."

முதலாளி போனதும் கன்னத்தை என்னிடம் நீட்டினார். "இதுக்கு எத்தினி தோஸ்த்?"

"தாடி இருக்கிற வரைக்கும் ஒண்ணுதான் பாய்."