பிச்சுமணி செய்த கல்யாண ஊஞ்சல்

எங்கள் சந்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் அது பிச்சுமணி வீட்டிலிருந்துதான் வரும். மதுரைக் கலெக்டர் கச்சேரியில் அவர் குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டால் கொத்தன், தச்சன், தையல்காரன் எல்லாம் அவர்தான். சுண்ணாம்பைத் தானே நீற்றிச் சுவருக்கு அடிப்பார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றக் கூரைமேல் ஏறுவார். பழைய கோட்டைக் கிழித்துக் குடைக்குத் துணி போட்டார். அந்தக் குடை விரிந்தால் மடங்காது, மடங்கினால் விரியாது. ஆளைக் கூப்பிட்டால் பணம் தண்ணீராய்ப் போய்விடும் என்பது அவர் கட்சி. மிச்சம் பிடிப்பதெல்லாம் ஒரே பெண் பட்டுவின் கல்யாணத்துக்கு என்பதால் மனைவி அகிலாண்டமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டுவுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்தில் எங்கள் சந்துக்கு அது வாய் ஓயாத விஷயம். கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று பிள்ளையின் அத்தை, பிச்சுமணி சொந்தக் கையால் செய்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு ஒரு கால் போயிற்று. அத்தை தரையில் இருந்தாள். பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பட்டுவுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மாலை மாற்றியதும் பெண்ணையும் பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார்த்திப் பாட வேண்டும். ஊஞ்சலை வாடகைக்கு எடுக்கலாம் என்றாள் அகிலாண்டம். பிச்சுமணி கேட்பாரா? கப்பலூரில் யாரோ இடித்த வீட்டின் தேக்குக் கதவை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கதவை இறக்கிய வண்டிக்கார நல்லகாமன் விஷயம் கேட்டுத் திகைத்துப் போனான். "கதவுல ஒக்காந்தா, சாமி, பொண்ணு ஆடப் போகுது? இம்புட்டுப் பெரிய கல்யாணத்துல ஒரு ஆசாரியக் கூப்பிடக் கூடாதா?"

"நீ வண்டியைப் பார்த்து ஓட்டு" என்றார் பிச்சுமணி.

கதவை அறுத்து, இழைத்து, கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊஞ்சலைத் தொங்கவிட்டார். அரிசி மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார். அசையாமல் தாங்கியது. அகிலாண்டத்துக்கு அதில் திருப்தியில்லை.

"ஏன்னா, மூட்டை ஆடாது. மனுஷா ஆடுவா. பாதியிலே அறுந்து விழுந்தா மரம் ஒடைஞ்சதுன்னா சொல்லுவா? பொண்ணு வந்த ராசின்னு ஆயுசுக்கும் அவளைக் குத்திக் காட்டுவா."

அது பிச்சுமணி மனசில் தைத்துவிட்டது.

முகூர்த்த நாளும் வந்தது. பட்டுவும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் காலுக்குப் பால் வார்த்து, பாட்டு எடுத்து, மெல்ல ஆட்டிவிட்டார்கள். மேலே ஒரு கொக்கி கிரீச்சென்றது. உத்தரத்திலிருந்து மரத்தூள் கொஞ்சம் மாப்பிள்ளை தோளில் உதிர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அகிலாண்டத்துக்குப் பாட்டு மறந்துபோயிற்று. பிச்சுமணி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, பின்னாலிருந்து பலகையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன இது? ஊஞ்சலை ஆடவிடாம பிடிச்சுண்டு நிக்கறாரே?" என்றாள் அத்தை.

"எங்காத்து வழக்கம்" என்றார் பிச்சுமணி.

அத்தை விடுவதாக இல்லை. "அப்படி ஒரு வழக்கம் நான் கேட்டதே இல்லையே" என்று உத்தரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். பிச்சுமணிக்கு வேர்த்து ஊற்றியது. சிக்கனம் பிடித்துப் பிடித்துப் பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று சாமிகளை எல்லாம் கூப்பிட்டார்.

அப்போது பட்டு தலையைத் திருப்பாமல் மெல்லச் சொன்னாள். "அப்பா, கையை எடுங்கோ."

"சும்மா இரு. கொக்கி போறது."

"போகாதுப்பா. முதல் நாளிலேருந்தே அப்படித்தான் கத்தறது, தூளும் கொட்டறது. நீங்க கச்சேரிக்கும் அம்மா கடைக்கும் போனப்புறம் ஒரு வாரமா நானும் என் சிநேகிதிகளும் நாலு பேரா ஏறி உசர உசர ஆடிண்டிருக்கோம். கூடத்துச் சுவரிலே காலால உதைச்சு ஆடினோம். ஒண்ணும் ஆகலை. விடுங்கோ."

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். பிச்சுமணி முதலில் ஒரு கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தார். ஊஞ்சல் முன்னால் போயிற்று, கிரீச்சென்றது, திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. அகிலாண்டம் விட்ட பாட்டை எல்லாரையும்விட உரக்க எடுத்தாள்.

பிச்சுமணி தூணில் சாய்ந்துகொண்டு எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று சம்பந்தி வீட்டார் உருகிப்போனார்கள். அத்தைகூட, "பாவம், நல்ல மனுஷர்" என்றாள்.

அந்தத் துக்கம் மறுநாள் ரயிலடியில்தான் அவருக்கு வந்தது. அப்போது பிடித்துக்கொள்ளப் பலகை இல்லை.